மிஸ் அடிக்கும் பழைய கார்: புது ப்ளக் வாங்க ஓடுவதற்கு முன்

என்னிடம் இருப்பது கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கருவி) காலத்து மாருதி 800. மூன்றே சிலிண்டர், 796 சிசி. நான்கு சிலிண்டர் காரில் ஒன்று படுத்துவிட்டால் வண்டி கொஞ்சம் தள்ளாடும். இதில் ஒன்று படுத்தால் மூன்றில் ஒரு பங்கு சக்தியே போய்விடும். கியர் கம்பி முதல் பின்பார்வைக் கண்ணாடி வரை எல்லாம் நடுங்கும். மிஸ் அடிப்பதை, அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போவதை, இந்த வண்டி மறைக்கவே மறைக்காது. எந்த சிலிண்டர், எதனால் என்பதைத்தான் சொல்லாது. அதைத் தேடுகிறேன் பேர்வழி என்று நான் செய்த தவறுகளையும், மற்றவர்கள் செய்யக் கண்டதையும் எழுதுகிறேன். ஸ்விஃப்டோ ஸான்ட்ரோவோ அம்பாசடரோ வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதல் தவறு, வண்டி நடுங்கியதும் பானெட்டைத் திறப்பது. அதற்கு முன் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: எப்போது மிஸ் ஆகிறது? பாதி விடை அதிலேயே இருக்கும். ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது, மட்டும் நடுங்கி, ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் சரியாகிவிட்டால், எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறதா, ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் கார்ப்பரேட்டரின் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறதா, வால்வைத் திறக்கும் டாப்பெட் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கலாம். ஐட்லிங்கில் ஒழுங்காக இருந்துவிட்டு, மேம்பாலம் ஏறும்போதோ மூன்றாம் கியரில் முழுதாக மிதிக்கும்போதோ திக்கினால், முதலில் பொறியைச் சந்தேகிக்கலாம். சுமை ஏற ஏற சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் ப்ளக் முனையில் உள்ள இடைவெளியைப் பொறி தாண்ட அதிக வோல்ட் தேவை. நைந்த ஒயரும், அந்த வோல்ட்டை உண்டாக்கும் காயில் களைத்திருந்தால் அதுவும் அங்கேதான் கைவிடும். காலையில் நன்றாக ஓடி, இருபது நிமிடம் போனபின் திக்கி, நிறுத்தி ஆறவைத்தால் மறுபடி ஓடுகிறதா? காயில் சூட்டில் மக்கர் செய்யலாம். டிசம்பர் மழையில் மட்டும் தகராறு என்றால் ஒவ்வொரு ப்ளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பும் ப்ளக் ஒயர்களும்தான் முதல் குற்றவாளிகள். இதையெல்லாம் குறிக்காமல் ஸ்பேனரை எடுத்தால், பிறகு சரியாகிவிட்டதா இல்லையா என்பதே நமக்குத் தெரியாது.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது. ப்ளக், ஒயர், கேப், ரோட்டர், ஃபில்டர் எல்லாம் வாங்கி ஒரே ஞாயிற்றுக்கிழமை மாட்டினால் ஒருவேளை மிஸ்ஸிங் போய்விடும். எதனால் போனது என்று தெரியாது. போகாவிட்டால் இன்னும் மோசம்: பழைய கோளாறு அப்படியே இருக்கிறதா, புதுச் சாமானில் ஒன்று கெட்டதா என்ற இரண்டாவது புதிரும் சேர்ந்துகொள்ளும். பழைய கார்களுக்கு வரும் உதிரிபாகங்களில் போலிகளும் உண்டு. புதுசு என்றாலே நல்லது என்று நம்பிவிட முடியாது.

காசு செலவில்லாத சோதனை, இடம் மாற்றிப் பார்ப்பது. இரண்டாம் சிலிண்டர்தான் என்று தெரிந்தால் அதன் ப்ளக்கை முதல் சிலிண்டரில் போடுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் ப்ளக்தான். நகராவிட்டால் ஒயரை மாற்றிப் பாருங்கள், நீளம் எட்டினால். எம்பிஎஃப்ஐ வண்டிகளில் (கார்ப்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ளவை) ஒவ்வொரு ப்ளக்குக்கும் தனிக் காயில் இருந்தால் அதையும் இப்படியே நகர்த்தலாம். ஸ்கேனரில் பி0302 என்ற பிழைக் குறியீடு வந்ததும் ப்ளக் வாங்க ஓடுகிறவர்கள் உண்டு. இரண்டாம் சிலிண்டரில் எரியவில்லை என்பதற்கு மேல் அந்தக் குறியீடு எதையும் சொல்லவில்லை. ப்ளக், காயில், இன்ஜெக்டர், வால்வு எல்லாமே இன்னும் பட்டியலில் இருக்கின்றன.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க ஊரெல்லாம் செய்யும் வழி, ஓடும் இன்ஜினில் ப்ளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது. ஒயரை எடுத்ததும் இன்ஜின் சத்தம் மாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது, மாறாவிட்டால் அதுதான் படுத்திருக்கிறது. தத்துவம் சரி, செய்முறைதான் ஆபத்து. ஒயரில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட். கை உதறியதில் மெக்கானிக்கின் முழங்கை ஃபேனில் பட்டதைப் பார்த்திருக்கிறேன். போக வழியில்லாத மின்சாரம் காயிலையும் எலக்ட்ரானிக் இக்னிஷனையும் கெடுக்கலாம். புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிடிக் கன்வர்ட்டர் உள்ள வண்டியில் எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து அதைப் பாழாக்கும். அதனால் இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு ஒயரை மட்டும் கழற்றுங்கள். அதன் முனையில் ஒரு பழைய ப்ளக்கைச் செருகி, ப்ளக்கின் உலோக உடம்பை ஜம்பர் ஒயரால் இன்ஜினில் எர்த் செய்யுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து சில நொடி மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். மூன்று முறை செய்ய வேண்டும், ஐந்து நிமிட வேலை. வேட்டி, துப்பட்டா, தொளதொள சட்டை வேண்டாம். மூடிய ஷெட்டுக்குள்ளும் வேண்டாம், புகை ஆளைக் கொல்லும்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. ஒரு நாள் மூன்று ஒயரையும் மொத்தமாகக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, வண்டி எடுக்கவில்லை, கார்ப்பரேட்டர் வழியாக டப் டப் என்று வெடிக்கிறது. மாடியிலிருந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கார்ப்பரேட்டரைக் கழற்றும் வரை போய்விட்டேன். விஷயம் ஒன்றுமில்லை: இந்த இன்ஜினில் பொறி விழும் வரிசை 1-3-2. நான் 1-2-3 என்று மாட்டியிருந்தேன். அன்றிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு ஒயர்தான், அதுவும் மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டியபின்.

ப்ளக்கைக் கழற்றுகிறவர்கள் செய்யும் தவறுகளும் கொஞ்சமல்ல. இன்ஜின் சுடச்சுட இருக்கும்போது அலுமினிய ஹெட்டிலிருந்து ப்ளக்கைத் திருகினால் மரையும் சேர்ந்து வந்துவிடும். ஆறட்டும். கழற்றுமுன் குழியைச் சுற்றிய மணலை ஊதித் தள்ளுங்கள், இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் விழும். கழற்றிய ப்ளக்குகளை வரிசையாக வையுங்கள். கலந்துவிட்டால் அவை சொல்லவந்த கதை போச்சு. முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். ஒன்று மட்டும் பெட்ரோலில் நனைந்திருந்தால் பெரும்பாலும் அங்கே பொறி விழவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். அதிகச் சூட்டில் வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, அல்லது அந்த வண்டிக்கு ஒவ்வாத சூட்டு எண் (சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்ற அளவு) கொண்ட ப்ளக். ஆனால் பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டுவிட்டு எடுத்துப் பார்த்தால் நல்ல ப்ளக்கும் கருப்பாகத்தான் இருக்கும். நாலு கிலோமீட்டர் ஓட்டி, உடனே நிறுத்தி, ஆறியபின் பாருங்கள்.

கம்பி பிரஷ் வைத்துப் பீங்கானைத் தேய்ப்பதும் வேண்டாம். பிரஷின் உலோகம் கோடாகப் படிந்து, பொறி அந்த வழியே கசியும். முனை இடைவெளியை ஃபீலர் கேஜால் (அளவு குறித்த மெல்லிய தகடுகள்) அளந்து, உங்கள் வண்டிப் புத்தகத்தில் உள்ளபடி வையுங்கள். மாட்டும்போது முதல் சில சுற்று கையாலேயே போக வேண்டும். கை இறுகியபின், வாஷர் உள்ள புது ப்ளக்குக்கு ஏறக்குறைய அரைச் சுற்று போதும். ஏற்கெனவே மாட்டிய ப்ளக்குக்கு அதைவிட மிகக் கொஞ்சம். நம் ஆட்கள் லாரி வீல் நட் மாதிரி முறுக்குவார்கள்.

‘வெளியே வைத்துப் பார்த்தேன், பொறி நீலமாக வருகிறது, கரண்ட் சரிதான்’ என்று சொல்வார்கள். திறந்த காற்றில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியைப் பலவீனமான காயில்கூடத் தாண்டும். உள்ளே அழுத்தம் அதைப்போல் பல மடங்கு. பெரிய இடைவெளி கொண்ட ஸ்பார்க் டெஸ்டர்தான் உண்மையைச் சொல்லும். அது இல்லாதவர்களுக்கு இருட்டுச் சோதனை: இரவில் திறந்த வெளியில் இன்ஜினை ஓடவிட்டு, செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரேயரால் ஒயர்கள் மேல் பனி போல் லேசாகத் தண்ணீர் அடியுங்கள். கசியும் இடத்தில் நீலமாக மின்னும், டிக் டிக் என்று கேட்கும். தொட வேண்டாம். பகலில் வெறும் கண்ணுக்கு முழுசாகத் தெரிந்த ஒயர் இரவில் தீபாவளி கொண்டாடும்.

அப்புறம் கார்ப்பரேட்டர். கார்ப்பரேட்டர் கோளாறில் முக்கால்வாசி இக்னிஷன் கோளாறுதான் என்பது பழைய மெக்கானிக்குகளின் கேலி. ஆனாலும் மிஸ் அடித்ததும் எல்லோருடைய கையும் கார்ப்பரேட்டரில் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவுக்குத்தான் போகிறது. ஒரு சிலிண்டரில் மட்டும் கோளாறு என்றால், மூன்றுக்கும் பொதுவான கார்ப்பரேட்டரைத் திருகி அதைச் சரிசெய்ய முடியாது. திருகியே ஆகவேண்டுமென்றால், உள்ளே மெதுவாக முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவிட்டுத் திருகுங்கள், பழைய இடத்துக்கு வர வழி இருக்கும்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியென்றால் பெட்ரோலையே சந்தேகிக்கலாம். இப்போது பம்பில் கிடைப்பது எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் பிரிந்து நிற்கும். கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தால் அடியில் கோடு தெரியும். பழைய ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

காற்றுக் கசிவைத் தேட, ஓடும் சூடான இன்ஜின் மேல் கார்ப்பரேட்டர் கிளீனரை அடிக்கும் பழக்கம் இருக்கிறது. கசிவு இருந்தால் ஆர்பிஎம் மாறும், உண்மைதான். ஒயரில் பொறி கசிந்தால் தீயும் பிடிக்கும். அதற்குப் பதில் ஒரு நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்ப்பரேட்டர் அடி கேஸ்கட், வேக்குவம் குழாய் இணைப்புகள் அருகே மெல்ல நகர்த்துங்கள், ஃபேனிலும் பெல்ட்டிலும் படாமல். உஸ்ஸ் என்று கேட்கும் இடம்தான்.

பொறியும் சரி, பெட்ரோலும் சரி, ஒரு சிலிண்டர் இன்னும் எழவில்லை என்றால் அழுத்தம் அளக்க வேண்டும். முதலில் டாப்பெட் இடைவெளியைப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினுக்கும் சூடான இன்ஜினுக்கும் புத்தகத்தில் வேறு வேறு அளவு இருக்கும். மாற்றிப் படித்தால் வால்வு முழுதாக மூடாமல் நீங்களே ஒரு புது மிஸ்ஸிங்கை உண்டாக்கிவிடுவீர்கள். பிறகு கம்ப்ரஷன் கேஜ். இதில் எல்லோரும் சறுக்குவது ஆக்சிலரேட்டரை மிதிக்க மறப்பது. த்ராட்டில் மூடியிருந்தால் காற்றே போகாது, எல்லா அளவும் குறைவாக வரும், இன்ஜின் போச்சு என்று மனசு உடைந்துவிடும். எல்லா ப்ளக்குகளையும் கழற்றி, காயில் இணைப்பை எடுத்து, நல்ல பேட்டரியோடு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு சுற்ற வேண்டும்.

இந்த இன்ஜினில் சிலிண்டர்களுக்கிடையே வேறுபாடு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோவுக்குள் இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் படுத்திருந்தால் அதில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயிலை ஊற்றி மறுபடி அளக்கவும். நன்றாக ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் கேஸ்கட்டைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

ஹெட்டைக் கழற்றும் வேலை வீட்டு வாசலில் வேண்டாம். ஆனால் ஒர்க்‌ஷாப்புக்கு வெறுங்கையோடும் போகாதீர்கள். ‘வண்டி மிஸ் அடிக்குது’ என்று மட்டும் சொன்னால் அவர்களும் ப்ளக்கிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள், உங்கள் செலவில். ‘இரண்டாவது சிலிண்டர், ஐட்லிங்கில் மட்டும், ப்ளக்கும் ஒயரும் மாற்றிப் பார்த்தாச்சு, மற்ற இரண்டும் 12 கிலோ, இது 7, ஆயில் ஊற்றியும் ஏறவில்லை’ என்று எழுதிய சீட்டை நீட்டுங்கள்.