கர்நாடக இசைப் பதிவு: மைக் தேர்வும் வைக்கும் இடமும்

எந்த மைக் வாங்குவது என்று கேட்பதற்கு முன், பதிவு செய்யப்போகும் அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பார்க்க வேண்டும். தட்டிய ஓசை சுவருக்குச் சுவர் அதிர்ந்து இழுத்தால், எந்த மைக்கும் அந்த இழுப்பையும் சேர்த்தே பதிவு செய்யும். தரையில் கனத்த ஜமக்காளம், பாடகருக்கு எதிர்ச்சுவரில் ரஜாய், திறந்து வைத்த துணி அலமாரி ஆகியவை இதைப் பெருமளவு தணிக்கும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.

காந்தத்துக்குள் அசையும் கம்பிச்சுருளால் இயங்கும் டைனமிக் மைக் உரத்த ஒலியைத் தாங்கும்; 1966 முதல் மேடைகளில் இருந்துவரும் ஷூர் எஸ்எம்58 இவ்வகையைச் சேர்ந்தது. மெல்லிய மின்னேற்றத் தகட்டால் ஒலியைப் பிடிக்கும் கண்டென்சர் மைக் இயங்கப் பொதுவாக 48 வோல்ட் ஃபாண்டம் பவர் (மைக் கம்பி வழியாகவே அனுப்பப்படும் மின்சாரம்) வேண்டும். கமகத்தின் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதன்) மெல்லிய நுனியைக்கூட அது விடாமல் பிடிக்கும். ஆயினும் எதிரொலிக்கும் அறையில், தள்ளி வைத்த விலையுயர்ந்த கண்டென்சரைவிட நெருக்கி வைத்த எளிய டைனமிக்கே நல்ல பதிவைத் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

குரலுக்கு, வாயிலிருந்து ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் வரை தள்ளி மைக்கை வைப்பது நல்லது. முன்பக்க ஒலியையே அதிகம் கேட்கும் கார்டியாய்டு மைக்கை நெருங்க நெருங்க அடித்தொனி மிகும் என்பதால், நான்கு விரற்கடைத் தூரத்தில் பாடினால் மந்திர ஸ்தாயி கனத்து வீங்கி, தார ஸ்தாயி வேறொருவர் குரல்போல மெலிந்து நிற்கும். தலையசைவின் விளைவும் நெருக்கத்தில்தான் அதிகம்: அரைச் சாணில் பாடுகிறவர் அரைச் சாண் பின்வாங்கினால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும், ஒன்றரைச் சாணில் அதே அசைவுக்கு 2.5 டெசிபல்தான் குறையும். தெலுங்கு, வடமொழிக் கிருதிகளில் மூச்சழுத்தத்தோடு வரும் பகர ஒலிகள் மைக்கில் ‘புஸ்’ஸென்று மோதாதிருக்க, மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்று மேலே உயர்த்தி, உதட்டை நோக்கிச் சாய்க்க வேண்டும். சாகித்தியப் புத்தகத்தை மடியில் வைத்தால் தலை குனிந்து குரல் தரைக்குப் போய்விடும். மைக்குக்குப் பின்னால் கண் மட்டத்தில் அதை வைக்கவும். தாளம் போடும் கை தொடையில் விழும் ஓசையைப் பலர் கவனிப்பதில்லை. தொடைமேல் மடித்த துண்டு ஒன்றை விரித்தால் அது அடங்கும்.

மிருதங்கம்தான் கடினமானது, ஏனென்றால் அது ஒரே உடலில் இருக்கும் இரண்டு வாத்தியம். சுருதி சேர்ந்து ஒலிக்கும் வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) மீட்டு, சாப்பு என்ற அடிகள் ஒரு தன்மை. தொப்பியின் (இடப்பக்கத் தோலின்) கும்கி என்ற வழுக்கும் அடித்தொனி முற்றிலும் வேறு தன்மை. ஒரே மைக் இருந்தால், வாசிப்பவருக்கு எதிரே இரண்டு அல்லது மூன்று அடி தள்ளி, கட்டையின் நடுப்பகுதியை நோக்கி, சற்று உயரத்தில் வைத்து, தொப்பி மெலிதாகக் கேட்டால் அந்தப் பக்கமாக மெல்ல நகர்த்த வேண்டும். இரண்டு மைக் இருந்தால், வலந்தலைக்குச் சிறு கண்டென்சரும் தொப்பிக்கு டைனமிக்கும் ஏறத்தாழ முக்கால் அடி தூரத்தில், தோலின் மையத்துக்கு நேராக இல்லாமல் விளிம்புப் பக்கமிருந்து சாய்வாகப் பார்க்கட்டும். பிறகு ஒரு மைக்கின் போலாரிட்டியை (ஒலி அலையின் ஏற்ற இறக்கத் திசையை) மாற்றிப் பார்த்து, எந்த நிலையில் கும்கி நிறைவாகக் கேட்கிறதோ அதையே வைத்துக்கொள்ள வேண்டும்.

வீணையின் ஒலி மெல்லியது. எனவே மைக் தானே உண்டாக்கும் இரைச்சல் குறைந்த கண்டென்சரே பொருந்தும். தந்திகளைத் தாங்கும் குதிரையைக் குறிவைத்தால் நகத்தின் உரசல் மேலோங்கும். குடத்தின் பலகைக்கு மேல் ஒன்றேகால் அடி உயரத்தில், குதிரைக்கும் கடைசி மெட்டுக்கும் (ஸ்வரத் தடுப்புக்கும்) இடைப்பட்ட பகுதியை மைக் நோக்கினால் மரத்தின் கனமும் தந்தியின் தெளிவும் சேர்ந்து வரும். வாத்தியத்தின் உடலிலேயே ஒட்டும் கான்டாக்ட் மைக் மேடைக்கு உதவலாம். பதிவில் அது மட்டும் போதாது, மரத்தைச் சுற்றிய காற்று அதில் இல்லை. வயலினுக்கு ஒன்றரை அடி மேலிருந்து பார்க்கும் ஒரு மைக் போதும்.

மூவரும் சேர்ந்து வாசிக்கும்போது, மரபுப்படி பாடகரின் வலப்புறம் மிருதங்கமும் இடப்புறம் வயலினும் அமர்ந்திருக்கும். இந்த அமைப்புக்கு எட்டு வடிவ மைக் மிகவும் இசைவானது: அது முன்னும் பின்னும் கேட்கும், இரு பக்கவாட்டிலும் ஏறத்தாழ ஒன்றும் கேட்காது. பாடகருக்கு முன்னே அதை வைத்து, பக்கவாத்தியக்காரர்களைச் சற்று முன்னே நகர்ந்து மைக்கின் நேர்ப்பக்கவாட்டில் அமரச் செய்தால், குரல் தனித்துக் கிடைக்கும். பின்பக்கம் பார்க்கும் எதிர்ச்சுவரை மறைக்கத்தான் அந்த ரஜாய். பதிவை 24 பிட் தரத்தில் வைத்து, உச்ச ஒலி பதிவுக் கருவியின் அளவுகோலில் (மேல் எல்லை 0) மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்குமாறு அளவை வைத்து, அன்று பாடப்போகும் உருப்படிகளிலேயே உரத்த சரணத்தை முதலில் பாடச் சொல்லிச் சரிபார்க்கவும்.