முன்னூறு ரூபாய் கூப்பன்

தமிழ்நாட்டிலிருந்து, இலங்கையின் தேயிலை மலைநாட்டில் உள்ள ஹட்டன் பக்கம் வேலைக்கோ கல்யாணமாகியோ புதிதாக வருகிறவர்களுக்கு: வந்ததும் பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கிவிடுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் பாயிண்ட் சேர்க்க உள்ளூர் நம்பர் வேண்டும், பில் போடும்போது அதைச் சொன்னால் சரி. சில கிழமைகளில் காய்கறிக்கும் மீனுக்கும் விலை குறைப்பார்கள். அது பெரும்பாலும் இங்குள்ள வங்கிகளின் கிரெடிட் கார்டுக்குத்தான், ஊரிலிருந்து கொண்டுவந்த கார்டை நீட்டிப் பயனில்லை. பாக்கெட்டில் அச்சடித்த விலைக்கு மேல் யாராவது கேட்டால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 நம்பருக்கு போன் போடுங்கள்.

இனி கூப்பன். பில்லின் அடியிலேயே அச்சாகி வரும். எனக்கு வந்தது 3,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 300 தள்ளுபடி. நிபந்தனை முழுக்கச் சிங்களத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. தமிழும் ஆட்சி மொழியாக உள்ள நாட்டில் ஒரு வரி தமிழில் போட்டால் என்ன குறைந்துவிடும்? எண்களை மட்டும் படித்துவிட்டு அரிசி, சீனி, இரண்டு பால்மா (பால் பவுடர்) என்று கூடையை நிரப்பினேன். பில் 5,240.

"அக்கா, அரிசி, சீனி, பால்மா இதுல சேராது" என்றது கவுண்டரில் இருந்த பிள்ளை. மிச்சம் 1,340தான். எனக்குப் பின்னால் ஆறேழு பேர். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மதுரைக்காரி ரோஷம், ஓடிப்போய்ப் பெரிய ஷாம்பூ, ஒரு டின் பிஸ்கட், ஒரு தேயிலை பாக்கெட் எல்லாம் அள்ளி வந்தேன். ஏறக்குறைய 1,700 ரூபாய் கூடுதல், கழிந்தது 300. அதுவும் தேயிலை! மாமியார் அந்தப் பாக்கெட்டை அடுப்படியில் வைத்து இரண்டு நாள் சிரித்தார். தோட்டத்துத் தூள் டப்பா நிறைய வீட்டிலேயே இருக்கிறது.

அதனால் கூடையை எடுக்கும் முன்பே கவுண்டரில் கேளுங்கள்: எதெது சேராது, கடைசித் தேதி என்ன, வேறு கிளையில் செல்லுமா? கூச்சப்படாதீர்கள், இங்கே கவுண்டர்களில் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. சேராத சாமானுக்குத் தனி பில் போடச் சொன்னால் கணக்கு உடனே தெரிந்துவிடும். அப்புறம், கூப்பனை அடுப்புக்குப் பக்கத்தில் செருகி வைக்காதீர்கள். அந்தத் தாள் சூடு பட்டால் கறுத்துப்போகும். எனக்கு வந்த இரண்டாவது கூப்பன் அப்படித்தான் போனது.

காய்கறிக்கு மட்டும் கூப்பனே தேடாதீர்கள், சந்தைக்குப் போங்கள். மண் ஒட்டின கரட், லீக்ஸ், போஞ்சி (பீன்ஸ்) எல்லாம் இந்த மலையில் விளைவதுதான். முதல் தடவை பழக்கதோஷத்தில் கொசுறு கேட்டேன். கடைக்கார அம்மாவுக்கு அந்தச் சொல் புரியவில்லை. நான் கையால் காட்டியதும் சிரித்துக்கொண்டே ஒரு கொத்துக் கறிவேப்பிலையை ரம்பை என்ற வாசனை இலையோடு பையில் போட்டார்.