ஒரே கையில சீட்டு வெட்டுறது எப்படி: நம்ம கடக்கரைக்காரங்களுக்கு சார்லியர் கட்

கார்டிஸ்ட்ரி, அதாவது சீட்டுக்கட்ட கையில அழகா சுத்தி வெட்டி விரிச்சுக் காட்டுற கலை, அத பழக ஆசைப்படுற பசங்க பாதிப்பேரு நேரா சிபில்லதான் போய் நிக்கிறாங்க. அது கிறிஸ் கென்னர்ங்கிற மேஜிக்காரர் 1992ல புத்தகத்துல போட்ட கட், ரெண்டு கையும் வேணும், சீட்டுக்கட்டு அஞ்சு துண்டா பிரிஞ்சு சுத்தும், பாக்க அவ்ளோ அழகா இருக்கும். ஆனா அது அப்புறம். முதல்ல ஒரு கையில சார்லியர் கட் பழகுங்க, 19ஆம் நூற்றாண்டுல இருந்த சார்லியர்ங்கிற சீட்டு வித்தைக்காரர் பேர்ல வழங்குறது, விரலுக்கு எப்ப பிடிக்கணும் எப்ப விடணும்னு இதுதான் சொல்லிக்குடுக்கும்.

சீட்டு பேப்பர் சீட்டா இருக்கட்டும். பைசைக்கிள் பிராண்டு மாதிரி போக்கர் சைஸ், 63க்கு 88 மில்லிமீட்டர். முழு பிளாஸ்டிக் சீட்டு வியர்த்த கையில வழுக்கிட்டு ஓடும். கை சின்னதா இருக்குற பிள்ளைங்க 52ம் வச்சு மல்லுக்கட்ட வேணாம், 30 சீட்டுல ஆரம்பிங்க.

இப்ப பிடி. உள்ளங்கை மேல பாத்து இருக்கணும், கட்டு உள்ளங்கையில படவே கூடாது, உயரத்துல விரல் நுனியில நிக்கணும். நீளப்பக்கம் ஒண்ணுல கட்டைவிரல், எதிர்ப்பக்கம் நடுவிரலும் மோதிரவிரலும், சுண்டுவிரல் பின்னாடி குட்டப்பக்கத்துல தடுப்பா நிக்கும், ஆள்காட்டி முன்பக்கம் சும்மா தொட்டுக்கிட்டு இருக்கும். உசுரு நண்ட விளிம்புல பிடிப்போம்ல, அந்த அளவுக்குத்தான் அழுத்தம், கூட வேணாம்.

கட்டைவிரல லேசா தளத்துங்க. கீழ்ப்பாதி அந்தப்பக்கம் மட்டும் திறந்து உள்ளங்கையில விழும், எதிர்விளிம்பு விரல்கிட்டயே இருக்கும். இப்ப ஆள்காட்டிய மடக்கி கீழ கொண்டுபோயி, விழுந்த பாதிய அடியில இருந்து கட்டைவிரல் பக்கமா மேல தள்ளுங்க, அது கதவு மாதிரி எழும்பி நிக்கும், மேல்பாதியோட விளிம்ப தாண்டுற வரைக்கும் தள்ளணும், பாதியில நிறுத்துனா ரெண்டும் முட்டிக்கும். தாண்டுனதும் மேல்பாதி தானா ஆள்காட்டி மேல இறங்கும். ஆள்காட்டிய மெதுவா கீழ விட்டு வெளிய எடுங்க, கட்டைவிரலால நிக்கிற பாதிய மேல மூடுங்க. அவ்ளோதான் கட்.

முட்டிக்கிட்டே இருக்குன்னா முக்காவாசி காரணம் உள்ளங்கையில இடம் இல்லாததுதான், கட்ட இன்னும் நுனிக்கு ஏத்திப் பிடிங்க. இல்லனா கீழ அதிகமா விட்டிருப்பீங்க, பாதிக்கு கொஞ்சம் கம்மியா விட்டுப் பாருங்க. பின்னாடி சீட்டு பிச்சுக்கிட்டு பறந்தா சுண்டுவிரல் தூங்குதுன்னு அர்த்தம். வேகம் மட்டும் வேணாங்க, மெதுவா ஒவ்வொரு நிலையிலயும் நிறுத்தி நிறுத்திப் பண்ணா வேகம் தன்னால வரும், சத்தமில்லாம மூடுற அளவுக்கு வந்தாதான் வந்துருச்சுன்னு சொல்லுவேன். அப்புறம் அடுத்த கைக்கும் பழக்குங்க, ரெண்டு கையிலயும் ஒரே நேரத்துல பண்றப்ப வர்ற அழகு தனி.

அடுத்து நம்ம ஊரு பிரச்சன. பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் காத்துலயே உப்பும் ஈரமும், பேப்பர் அத உறிஞ்சி ஊதிக்கும், வளைஞ்சுக்கும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அப்புறம் விசிறி மாதிரி விரிக்கிற விரிப்பு ஒழுங்கா வராது. வெயில்ல காயப்போடாதீங்க, இன்னும் கோணிக்கும். பழகி முடிச்சதும் கட்ட நேர்பண்ணி பெட்டியில போட்டு, காத்துப் புகாத டப்பாவுல, ஷூ டப்பாவுல வருமே அந்த சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணோட வைங்க. முகப்பவுடர் பூசுனா ஈரத்துல திட்டுத்திட்டா ஒட்டும். தலைக்கு எண்ண தேச்ச கையோட தொடாதீங்க, சோப்பு போட்டுக் கழுவி நல்லா துடைச்சுட்டு எடுங்க.

கடக்கரையில உக்காந்து பழகலாம்னு தோணும், கச்சான் காத்து நேரத்துல அந்த ஆசையே வேணாம், சீட்டும் பறக்கும் மணலும் இடையில புகுந்து மேல்பூச்ச கீறிடும். வீட்டுக்குள்ள பாய்ல உக்காந்து மடியில துண்டு விரிச்சுக்கோங்க, விழுந்தாலும் மூலை மடங்காது.

சீட்டக் கையில பாத்ததும் அத்தா, அப்பா யாராவது காசு வச்சு ஆடுறியான்னு கேப்பாங்க. ஒளிச்சு வைக்காதீங்க, அவங்க முன்னாடியே உக்காந்து மெதுவா ஒருதடவ கட் பண்ணிக் காட்டுங்க, இதுல ஜெயிக்கவும் தோக்கவும் யாருமில்லன்னு பாத்தாலே புரியும்.

சார்லியர் கைக்கு வந்ததும் ஒரு கை விரிப்புக்குப் போங்க. கட்டோட கீழ்மூலைய கட்டைவிரலுக்கும் மத்த விரலுக்கும் நடுவுல பிடிச்சு, கட்டைவிரல் ஒருபக்கம் வளைவா நகர, பின்னாடி விரல்கள் எதிர்ப்பக்கம் மடங்கணும். ஊதுன சீட்டுல இது வரவே வராது, அதனால நல்லா காஞ்ச கட்டா பாத்து எடுங்க.