வன்னியில் எச்.ஐ.வி தடுப்பு: மக்கள் பிரதிநிதிகளோடு சேர்ந்து வேலை செய்ய விரும்பும் அமைப்புகளுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையில் வளர்ந்தோரிடையே எச்.ஐ.வி தொற்று 0.1 சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கிறது. ஆகவே வன்னியில் இதைப் பற்றிப் பேச முற்படும் கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ இளைஞர் கழகமோ எதிர்கொள்ளும் முதற் கேள்வி, காணியும் குளமும் வீதியும் காணாமல் ஆக்கப்பட்டோரின் வழக்கும் தீர்வின்றிக் கிடக்கும்போது இதற்கு என்ன அவசரம் என்பதாகவே இருக்கும். அதற்கு விடை கையில் இல்லாமல் எந்தப் பாராளுமன்ற உறுப்பினரின் பணிமனைக்கும் போக வேண்டாம்.

விடையின் ஒரு பாதி ஆபிரிக்காவில் இருக்கிறது. தென்னாபிரிக்காவில் 1990 ஆம் ஆண்டில் கர்ப்பிணித் தாய்மாரிடையே நடத்தப்பட்ட ஆய்வில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோரிடமே தொற்று காணப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ நால்வரில் ஒருவர் என்றாகிவிட்டது. வன்னியும் அவ்வழியே போகும் என்று எவரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பயமுறுத்திப் பெறும் கவனம் தொற்றுள்ளவர்கள் மீதான வெறுப்பாகவே முடியும். ஆனால் எண்ணிக்கை சிறிதாக இருந்த ஆண்டுகளே குறைந்த செலவில் தடுத்திருக்கக்கூடிய ஆண்டுகள் என்பதை அந்த இலக்கங்கள் காட்டுகின்றன. மறு பாதி நம் நாட்டிலேயே இருக்கிறது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வியும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனம் இலங்கையை 2019 இல் சான்றுப்படுத்தியது. கர்ப்பிணித் தாய்மாரைத் தவறாமல் பரிசோதனைக்கு அனுப்பிய குடும்பநல உத்தியோகத்தர்களின் உழைப்பு அதற்குள் இருக்கிறது. பெற்ற வெற்றியைக் காப்பாற்றக் கேட்கிறோம் என்று சொல்லும் குழுவுக்கு, ஆபத்து வருகிறது என்று கூவும் குழுவைவிடக் கதவு இலகுவாகத் திறக்கும்.

யாரிடம் எதைக் கேட்பது

மிக அதிகமான முயற்சிகள் வீணாவது இந்த இடத்தில்தான். சுகாதாரம் மத்திக்கும் மாகாணத்துக்கும் இடையே பங்கிடப்பட்ட துறை. எச்.ஐ.வி தொடர்பான கொள்கையும் சிகிச்சை வழிகாட்டல்களும் கொழும்பிலுள்ள தேசிய பாலியல் நோய் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்திலிருந்து வருகின்றன. மாவட்டத்தில் அன்றாட நடைமுறையைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் பணிமனையும், பிரதேசத்தில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் பார்க்கின்றன. வட மாகாண சபை 2013 இல் தெரிவாகி 2018 ஒக்டோபரில் காலாவதியான பின்னர் தேர்தல் நடக்கவில்லை. மாகாண நிருவாகம் ஆளுநரின் கீழ் இருப்பதால், மாகாண மட்டத்தில் உங்கள் கோரிக்கையைத் தூக்கிப் பேச வாக்குப் பெற்ற ஒருவர் இல்லை. அந்த வெற்றிடத்தில் பாராளுமன்ற உறுப்பினர்களின் பங்கு இன்னும் கூடுகிறது.

தேர்தல் எல்லையையும் கவனியுங்கள். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்கள் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு 6 ஆசனங்கள். கிளிநொச்சியோ யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தைச் சேர்ந்தது. துணுக்காயில் உள்ள சங்கமும் அயலிலுள்ள கரைச்சிச் சங்கமும் ஒரே விடயத்தைக் கேட்டாலும், போக வேண்டிய வாசல்கள் வேறு. எல்லைக்கு இரு புறமும் உள்ள அமைப்புகள் ஒரே வாசகத்தில் கடிதம் தயாரித்துத் தத்தம் உறுப்பினர்களிடம் கொடுப்பது நல்லது. எந்தக் கட்சி என்று பார்க்காமல் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் கொடுத்தால் மற்றவர்கள் அதை அவருடைய அரசியலாகவே பார்ப்பார்கள்.

அடுத்து, கேட்பது ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். எச்.ஐ.வி விழிப்புணர்வுக்கு ஆதரவு தாருங்கள் என்று கேட்டால் உலக எயிட்ஸ் தினத்தில் மேடையேறி ஒரு உரை தருவார்கள், அவ்வளவுதான். மாவட்ட வைத்தியசாலையிலுள்ள பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தை வாரத்தில் ஒரு மாலையாவது திறந்து வைக்க வேண்டும், ஏனெனில் கூலி வேலைக்கும் கடற்றொழிலுக்கும் போகிறவர்களால் காலையில் வர முடியாது என்று கேட்டால், அதற்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும். கொக்கிளாய், சிலாவத்துறை போன்ற கரையோரங்களிலிருந்து மாவட்ட வைத்தியசாலைக்கு வந்து போவதென்றால் ஒரு நாள் உழைப்பு போய்விடும். மாதம் ஒரு முறை பிரதேச வைத்தியசாலையில் பரிசோதனை நடத்துமாறு கேட்பது அதனால் நியாயமாகிறது. எழுதும் பக்கத்தில் என்ன வேண்டும், அதைத் தீர்மானிக்கும் அதிகாரி யார், உத்தேசச் செலவு என்ன, எப்போதைக்குள் வேண்டும் என்ற நான்கும் இருந்தால் போதும்.

அந்தப் பக்கத்துக்கு வேண்டிய தகவல்களை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். சிகிச்சை நிலையம் திறந்திருந்த நாட்கள், வெற்றிடமாக உள்ள பதவிகள், பரிசோதனைப் பொருட்கள் தீர்ந்துபோன காலம் ஆகியவற்றைக் கேளுங்கள். பிரதேச வாரியாகவோ கிராம வாரியாகவோ தொற்றுள்ளவர்களின் எண்ணிக்கையை மட்டும் ஒருபோதும் கேட்க வேண்டாம். தொகை சிறிய இடங்களில் இலக்கமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு ஊரின் பெயர் வெளியே வந்தால் அங்குள்ள பெண் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு வரைக்கும் அது போய் நிற்கும்.

ஒருங்கிணைப்புக் குழுவும் பாராளுமன்றமும்

மாவட்டச் செயலகத்தில் கூடும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் உறுப்பினர்களும் திணைக்களத் தலைவர்களும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். சுகாதாரத்துக்கு ஒதுக்கப்படும் நேரம் பெரும்பாலும் வைத்தியர் பற்றாக்குறையோடு முடிந்துவிடும் என்பதால், விடயத்தை முன்கூட்டியே நிகழ்ச்சி நிரலில் எழுத்தில் சேர்ப்பிக்க வேண்டும். அதற்கு முன் பிராந்தியப் பணிப்பாளரைச் சந்தித்து, எதைக் கேட்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிட வேண்டும். சபையில் அதிகாரியைத் திகைக்க வைப்பது உறுப்பினருக்கு வெற்றியாகத் தோன்றலாம், ஆனால் அடுத்த நாள் அதே அதிகாரியோடு வேலை செய்யப் போகிறவர்கள் நீங்கள்.

பாராளுமன்றத்தில் உறுப்பினர் செய்யக்கூடியவை பல: வாய்மூல விடைக்கான கேள்வி, ஒத்திவைப்பு வேளைப் பிரேரணை, துறைசார் மேற்பார்வைக் குழுவில் விடயத்தை எழுப்புதல். கேள்வியை நீங்களே தமிழில் எழுதிக் கொடுத்தால் அவருடைய வேலை பாதியாகும். குழுக்களின் வலிமையைச் சிறிதாக எண்ண வேண்டாம். தென்னாபிரிக்காவில் தொழிற்சங்கத்திலும் பெண்கள் இயக்கத்திலும் இருந்து பாராளுமன்றத்துக்கு வந்த, இந்திய வம்சாவளியினரான பிரெக்ஸ் கோவெண்டர், பெண்களின் நிலை பற்றிய பாராளுமன்றக் குழுவின் தலைவராக 2001 இல் எச்.ஐ.வி பற்றிப் பொது விசாரணை அமர்வுகளை நடத்தினார். ஜனாதிபதி தாபோ உம்பெக்கி நோயின் காரணத்தையே சந்தேகித்துக் கொண்டிருந்த காலம் அது. ஆளும் கட்சியைச் சேர்ந்த ஒருவர் தலைமை தாங்கிய குழு மருந்து வழங்குமாறு பரிந்துரைத்தது. அதே காலத்தில் 1998 இல் தொடங்கப்பட்ட சிகிச்சைக்கான நடவடிக்கை இயக்கம் வீதியிலும் நீதிமன்றத்திலும் போராடி, தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரப்பின் மருந்தை அரச வைத்தியசாலைகளில் வழங்க வேண்டும் என்ற அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்பை 2002 இல் பெற்றது. கோவெண்டர் அதே ஆண்டில் பாராளுமன்றத்தை விட்டு விலகினார். துணிந்து பேசும் உறுப்பினரை அவருடைய கட்சி தனிமைப்படுத்தும்போது, அவரைக் கொண்டு பேசுவித்த அமைப்புகள் வெளிப்படையாக அவர் பக்கம் நிற்க வேண்டும். நம் அமைப்புகள் இதை மறந்துவிடுவதுண்டு.

சட்டம் கேட்பதில் அவசரம் வேண்டாம்

உறுப்பினர் ஒருவர் ஆர்வம் கொண்டுவிட்டால் உடனே புதிய சட்டம் கொண்டுவரலாம் என்பார். ஆபிரிக்காவின் அனுபவம் இதில் கசப்பானது. 2004 இல் சாட் நாட்டின் நிஜமெனாவில் மேற்கு, மத்திய ஆபிரிக்க நாடுகளுக்காக வரையப்பட்ட மாதிரிச் சட்டம், தொற்றைப் பரப்புவதைக் குற்றமாக்கியது. பல பாராளுமன்றங்கள் அதைப் பின்பற்றிச் சட்டமியற்றின. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதுதான், ஆனால் பரிசோதித்துத் தன் நிலையை அறிந்தவரே குற்றவாளியாகக்கூடும் என்றால் பரிசோதனைக்கு யார் வருவார்கள்? கென்யாவின் 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த அத்தகைய 24 ஆம் பிரிவை, சிவில் அமைப்பொன்று தொடுத்த வழக்கில் அந்நாட்டு மேல் நீதிமன்றம் 2015 இல் செல்லாதது என்றது. சிம்பாப்வே தனது குற்றப் பிரிவை 2022 இல் நீக்கியது. ஆபிரிக்காவின் தென் பகுதி நாடுகளது பாராளுமன்ற உறுப்பினர்களின் பேரவை 2008 இல் ஏற்றுக்கொண்ட மாதிரிச் சட்டம் அந்தக் குற்றப் பிரிவைச் சேர்க்காமல் உரிமைகளை முன்னிறுத்தியது.

ஆகவே புதிய குற்றம் எதையும் கேட்காதீர்கள். நம்மிடம் ஏற்கெனவே இருப்பவையே தடையாக உள்ளன: பாலியல் தொழிலாளர் மீது பிரயோகிக்கப்படும் 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், ஒருபாலினத்தவரிடையேயான உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளும் தொற்று ஆபத்து அதிகமுள்ளவர்களைச் சிகிச்சை நிலையத்திலிருந்து ஒதுங்க வைக்கின்றன. அந்தப் பிரிவுகளைத் திருத்தும் தனியார் உறுப்பினர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 இல் தீர்மானித்தது. வன்னியில் எந்த உறுப்பினரும் இதற்காகப் பகிரங்கமாக வாதாடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்த்து வாக்களிக்காமல் இருந்தாலே பெரிது.

தொற்றுள்ளவர்கள் மேசையில்

உகண்டாவில் 1987 இல் நோரின் கலீபா முதலானோர் தொடங்கிய, டாசோ எனப்படும் எயிட்ஸ் ஆதரவு அமைப்பு, தொற்றுள்ளவர்களும் அவர்களுடைய குடும்பத்தவரும் தாமே கட்டியெழுப்பியது. 1992 இல் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட உகண்டா எயிட்ஸ் ஆணைக்குழுவின் ஆரம்பகாலத் தலைவர்களில் கிறிஸ்தவ ஆயர்களும் இருந்தனர். வன்னிக்கு இரண்டும் அப்படியே பொருந்தா. எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடத்தில் ஒருவரை மேடையேற்றித் தன் நிலையைச் சொல்லச் சொல்வது கொடுமை. உறுப்பினரோடு சந்திப்பென்றால், கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இயங்கும் தொற்றுள்ளவர்களின் அமைப்புகள் மூலம், ஊர் தெரியாத இடத்தில், புகைப்படம் இல்லாமல் ஏற்பாடு செய்யுங்கள். வளைகுடா நாடுகளில் தொற்று உறுதியானவர்களைத் திருப்பி அனுப்பும் நடைமுறை உண்டு; அப்படி வந்தவர்களின் வாழ்வாதாரம் பற்றி உறுப்பினர் கேட்டறிய வேண்டும்.

மதத் தலைவர்களிடம் கேட்பதையும் அளந்து கேட்க வேண்டும். மன்னாரில் ஒரு பங்குத்தந்தையிடம் ஆணுறை பற்றிப் பேசச் சொல்லாதீர்கள். தொற்றுள்ள குடும்பத்தை ஒதுக்காதீர்கள் என்று சொல்லச் சொல்லுங்கள், அதை அவர் உங்களைவிட நன்றாகச் சொல்வார். கோயில் பரிபாலன சபைகளுக்கும் இது பொருந்தும். பாடசாலைச் சமூகத்திடம் 2016 ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற நிலைப்பாட்டை நினைவூட்டலாம்: குளியாப்பிட்டியில் வதந்தி காரணமாகப் பாடசாலைகள் சேர்க்க மறுத்த ஒரு சிறுவனின் வழக்கில், எச்.ஐ.வியைக் காரணம் காட்டிக் கல்வியை மறுக்க முடியாது என்பது உறுதியானது.

பணத்தின் காலம்

உலக எயிட்ஸ் தினம் டிசம்பர் 1. வழமையாக வரவு செலவுத் திட்ட விவாதம் நடப்பதும் அந்த வாரங்களில்தான். அப்போது கேட்கப்படும் பணம் அநேகமாக அடுத்த ஆண்டுக்கு உதவாது, ஏனெனில் அமைச்சுகள் தம் மதிப்பீடுகளை அதற்கு மாதங்கள் முன்பே தயாரித்துவிடுகின்றன. ஆண்டின் நடுப்பகுதியில் கோரிக்கை சென்றிருந்தால், டிசம்பரில் சுகாதார அமைச்சின் ஒதுக்கீடு மீதான குழுநிலை விவாதத்தில் உறுப்பினர் அது எங்கே என்று கேட்க முடியும். ஆபிரிக்கத் தலைவர்கள் 2001 இல் அபுஜாவில் வரவு செலவில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக உறுதியளித்தனர். பெரும்பாலான நாடுகள் அதை எட்டவில்லை. சிம்பாப்வேயோ 2000 முதல் வருமான வரியோடு 3 சதவீத எயிட்ஸ் அறவீட்டைச் சேர்த்து உள்நாட்டிலேயே பணம் திரட்டியது. வெளிநாட்டு உதவி 2025 ஜனவரியில் அமெரிக்காவின் முடிவால் திடீரென நிறுத்தப்பட்டபோது, உள்நாட்டு நிதியின் பெறுமதி எல்லோருக்கும் விளங்கியது. இலங்கையிலும் சிவில் அமைப்புகளின் தடுப்பு வேலையில் பெரும் பகுதி எயிட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றுக்கு எதிரான உலக நிதியத்தின் பணத்தில் நடந்து வந்திருப்பதால், அது குறைந்தால் யார் தருவார்கள் என்ற கேள்வியை இப்போதே சபையில் பதியச் செய்யுங்கள்.

பிரதேச சபைகளிடம் பெரிய பணம் இல்லை. ஆனால் நூலகத்திலும் சந்தையிலும் முச்சக்கர வண்டித் தரிப்பிடத்திலும் சிகிச்சை நிலையத்தின் நேரத்தையும், பரிசோதனை இலவசம், இரகசியம் பேணப்படும் என்ற செய்தியையும் எழுதி வைக்க ஒரு மாதாந்த அமர்வின் தீர்மானம் போதும்.

கிடைத்த ஒவ்வொரு பதிலையும், ஒருங்கிணைப்புக் குழு அறிக்கையின் பிரதியையும், பாராளுமன்ற உரைப் பதிவான ஹன்சாட்டில் வந்த பக்கத்தையும் திகதியிட்டு ஒரே கோப்பில் வையுங்கள். உறுப்பினர் மாறுவார், அவருடைய செயலாளர் மாறுவார், பணிப்பாளருக்கு இடமாற்றம் வரும். புதிதாக வருபவரிடம் முதல் மாதத்திலேயே அந்தக் கோப்பின் பிரதியைக் கொடுங்கள். மாகாண சபைத் தேர்தல் அறிவிக்கப்படும் நாளில் எல்லாக் கட்சி வேட்பாளர்களுக்கும் அதே ஒரு பக்கக் கோரிக்கையைக் கொடுத்து, கையெழுத்தோடு பதில் வாங்குங்கள்.