நுங்கம்பாக்கத்தில் கண்ட சிறுகோள்: 'ஆசியா'வின் பாதையை நூலால் வரைவோம்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சிறுகோள்களில் 67ஆம் எண் கொண்டதன் பெயர் 'ஆசியா'. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்திலிருந்து 1861 ஏப்ரல் 17 அன்று நார்மன் போக்சன் அதைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால்தான் இந்தப் பெயர். எண் 67 என்றால், வரிசையில் அறுபத்தேழாவது.

வானைப் படமெடுத்துச் சிறுகோள் தேடும் வழக்கம் அப்போது இல்லை. விண்மீன் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொலைநோக்கியில் ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி ஒன்று தென்பட்டால், அது மற்ற விண்மீன்களை விட்டு நகர்கிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். ஏப்ரல் மாதச் சென்னைப் புழுக்கத்தில் இதைச் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு ஏ4 தாள், கீழே வைக்க அட்டை, இரண்டு குண்டூசி, கவராயம், அளவுகோல், கால்குலேட்டர், இழுத்தால் நீளாத நூல். இவை போதும்.

படி 1: இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சூரியனிலிருந்து ஆசியாவின் சராசரித் தொலைவு 2.42 வானியல் அலகு. (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு 1 வானியல் அலகு, ஏறக்குறைய 15 கோடி கி.மீ.) அடுத்தது மையத்தொலைத் தகவு, 0.185. பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை இது சொல்லும். சரியான வட்டம் என்றால் 0.

படி 2: ஒரு சுற்றுக்கு எத்தனை ஆண்டு? கெப்ளரின் மூன்றாம் விதி இங்கே கைகொடுக்கும்: வானியல் அலகில் சராசரித் தொலைவின் கனம், ஆண்டுக் கணக்கில் சுற்றுக்காலத்தின் வர்க்கத்துக்குச் சமம். 2.42 × 2.42 × 2.42 என்று பெருக்கினால் 14.17. அதன் வர்க்கமூலம் 3.76. அதாவது ஏறக்குறைய மூன்றே முக்கால் ஆண்டு. தராசும் இல்லை, ராக்கெட்டும் இல்லை. தொலைவை மட்டும் வைத்துக் காலம் கிடைத்துவிட்டது!

படி 3: 1 வானியல் அலகை 3 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தாளின் நடுப்பகுதியில், ஒன்றுக்கொன்று 2.7 செ.மீ. தள்ளி இரண்டு குண்டூசிகளைக் குத்துங்கள் (2 × 2.42 × 0.185 × 3). ஒன்று சூரியன். மற்றொன்றில் எதுவும் கிடையாது, வெறும் குவியம்தான் (நீள்வட்டத்தை வரைய உதவும் இரண்டு நிலைப்புள்ளிகளில் ஒன்று).

படி 4: நூலை முடிச்சுப் போட்டு வளையமாக்குங்கள். முடிச்சுக்குப் பிறகு மொத்தச் சுற்றளவு 17.2 செ.மீ. இருக்க வேண்டும். பாதையின் நீள அச்சு 14.5, ஊசிகளின் இடைவெளி 2.7, இரண்டும் சேர்ந்தது அது. பலரும் தவறுவது இங்கேதான். சாதாரணத் தையல் நூல் இழுபட்டு, பாதை பெரிதாகிவிடும். வளையத்தை இரண்டு ஊசிகளையும் சுற்றி மாட்டி, பென்சில் முனையால் விறைப்பாக இழுத்தபடி ஒரு சுற்று வாருங்கள். ஆசியாவின் நீள்வட்டம் தயார்.

படி 5: சூரியன் ஊசியை மையமாக வைத்து, 3 செ.மீ. ஆரத்தில் பூமிக்கு ஒரு வட்டம், 4.6 செ.மீ. ஆரத்தில் செவ்வாய்க்கு ஒரு வட்டம். இப்போது அளந்து பாருங்கள்: ஆசியா சூரியனை மிக நெருங்கும் இடம் 5.9 செ.மீ., மிக விலகும் இடம் 8.6 செ.மீ. செவ்வாயின் வட்டத்தை எங்கும் தொடவில்லை. வியாழனை வரைய 15.6 செ.மீ. ஆரம் வேண்டும், தாளில் இடமிருக்காது. உண்மையில் ஆசியாவின் பாதை பூமியின் பாதைத் தளத்துக்கு 6 டிகிரி சாய்ந்திருக்கிறது. தாளில் அதைக் காட்ட முடியாது.

கை பழகியதும் 87ஆம் எண் 'சில்வியா'வை வரைந்து பாருங்கள். அதுவும் போக்சன் சென்னையில், 1866இல், கண்டதுதான். பின்னாளில் அதற்கு இரண்டு நிலவுகள் இருப்பது தெரியவந்தது. சராசரித் தொலைவு 3.48, மையத்தொலைத் தகவு 0.09. சுற்றுக்காலம் ஆறரை ஆண்டு வந்தால் உங்கள் கணக்கு சரி.