உப்புக்காற்று தின்ற ஹம்பக்கர்: சோதிப்பதும் கிட்டாரில் மாட்டுவதும்

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரை இரண்டு வருடம் சுவரில் தொங்கவிட்டால் போதும். கம்பிகள் துருப்பிடித்துவிடும், கேபிள் சொருகும் ஜாக் கரகரக்கும், கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பிக்கப்பில் வரிசையாக இருக்கும் ஸ்க்ரூக்களின் தலையில் பழுப்பு ஏறிவிடும். ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. வாடை அடித்தாலும் கச்சான் அடித்தாலும் உப்பு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அப்படி ஊறிய கிட்டாரில் சத்தம் வரவில்லை என்றதும், ‘பிக்கப் போய்விட்டது’ என்று கழற்றி எறிபவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பொறுக்காது. என் கைக்கு வந்த பழைய ஹம்பக்கர்கள் (இரண்டு கம்பிச் சுருள் வைத்த பிக்கப்கள்) பெரும்பாலும் உள்ளே நன்றாகவே இருந்தன. வயர் வந்து சேரும் முனையில்தான் கோளாறு.

எனக்குச் சால்டரிங் கற்றுக்கொடுத்தது விசைப்படகுகளுக்கு வயரிங் செய்யும் ஒரு மாமா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் நிற்கும்போது அவருக்கு வேலை அதிகம். படகில் விளக்கு எரியவில்லை என்றால் அவர் முதலில் பல்பைப் பார்க்க மாட்டார். வயர் நுனியை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். “வயரு சாகாது மாப்ள, முனைதான் சாகும்” என்பார். பிக்கப்புக்கும் அதே கணக்குதான்.

வேலையைத் தொடங்குமுன், ஹம்பக்கருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1955-இல் கிப்சன் கம்பெனியில் இருந்த செத் லவர் இதை வடிவமைத்தார். ஒரே காயில், அதாவது ஒரே கம்பிச் சுருள், உள்ள பிக்கப், கம்பியின் அதிர்வோடு சேர்த்து ட்யூப்லைட், மின்விசிறி ரெகுலேட்டர் எல்லாவற்றின் இரைச்சலையும் இழுத்துக்கொள்ளும். நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ‘உம்ம்ம்’ அதில் கேட்கும். ஹம்பக்கரில் இரண்டு காயில்கள். ஒன்றுக்கொன்று காந்த முனையும் எதிர், சுற்றின் திசையும் எதிர். அதனால் கம்பியின் ஓசை இரண்டிலும் ஒன்றாகக் கூடுகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. காயிலில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி ஏறக்குறைய 0.063 மில்லிமீட்டர்தான், தலைமுடி மாதிரி. ஒரு காயிலில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொண்டால் கை தானாக மென்மையாகிவிடும்.

தேவையானவை அதிகமில்லை: டிஜிட்டல் மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்று, பாட்டின் (வால்யூம், டோன் திருகும் பொட்டென்ஷியோமீட்டரின்) முதுகில் ஈயம் வைக்க 40 முதல் 60 வாட் ஒன்று, 60/40 ஈயக்கம்பி, ஃப்ளக்ஸ், முதலை கிளிப் வைத்த வயர்கள், உப்புத்தாள், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய பல்தேய்க்கும் பிரஷ். ஸ்டீல் உல் மட்டும் வேண்டாம். அதன் இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மீட்டர் என்ன சொல்கிறது

மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வையுங்கள். பிக்கப்பின் சிக்னல் வயரில் மீட்டரின் ஒரு முனை, எர்த் வயரில் மறுமுனை. இரண்டையும் கிளிப்பால் பிடியுங்கள், விரலால் அழுத்திப் பிடிக்காதீர்கள். நம் ஊரில் விரல் எப்போதும் வியர்த்திருக்கும்; உடம்பு வழியாகவும் மின்சாரம் ஓடி அளவைக் குறைத்துக் காட்டும்.

பழைய பாணி ஹம்பக்கர் என்றால் 7 முதல் 9 கிலோ ஓம் வரை காட்டும். பலமான சத்தத்துக்காக அதிகம் சுற்றியவை 16 வரைகூடப் போகும். ‘8.0’ என்று எழுதியிருந்தது, 8.4 காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 8.0 காட்டுவது மே மாத மதியம் 35 டிகிரியில் 8.4, 8.5 என்று காட்டுவது இயல்பு.

மீட்டரில் ‘1’ அல்லது ‘ஓ.எல்.’ என்று வந்தால் எங்கோ அறுந்திருக்கிறது. எதிர்பார்த்ததில் பாதிதான் வருகிறது என்றால் ஒரு காயில் மட்டும் இணைக்கப்பட்டிருக்கிறது. கால் பங்குதான் என்றால் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் பக்கவாட்டில் (பேரலல்) இணைக்கப்பட்டிருக்கின்றன. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் வயர்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. இதில் எது வந்தாலும் தூக்கி எறியாதீர்கள்.

நான் ஒருமுறை ஆன்லைனில் பழைய ஹம்பக்கர் ஒன்று வாங்கினேன். ‘சோதித்துப் பார்த்தது’ என்று சொல்லித்தான் விற்றார்கள். மீட்டரில் ‘1’. நான்கு வயர் வெளியே வரும் வகை என்பதால் காயில்களைத் தனித்தனியாக அளந்தேன்: ஒன்று 4.1, மற்றது ஒன்றுமே காட்டவில்லை. சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பிரித்தேன். முடி போன்ற காயில் கம்பியின் வெளிமுனை தடித்த வயரோடு சேரும் இடத்தில், கடுகளவு பச்சைக் களிம்பு. பிரஷ் பட்டதும் கம்பி அங்கேயே பொடியாக உதிர்ந்தது. ஆல்கஹாலில் துடைத்து, வெளிப்பக்கத்திலிருந்து அரைச் சுற்று மட்டும் பிரித்து, நுனியின் மேல்பூச்சை மெல்லிய உப்புத்தாளால் ஒரே ஒரு தடவை வருடி, புதிதாக ஈயம் வைத்தேன். 4.2. இரண்டும் சேர்ந்து 8.3. அந்த எண்ணைப் பார்த்த சந்தோஷம் இன்னும் மனதில் இருக்கிறது. உள்முனை அறுந்திருந்தால் இது நடக்காது. அதற்கு முழுக் காயிலையும் புதிதாகச் சுற்ற வேண்டும். வெளிமுனை என்றால் நம்பிக்கையோடு இறங்கலாம்.

எந்த வயர் எங்கே?

இரண்டே வயர், அதுவும் வெளியே உலோகப் பின்னல் போட்டது என்றால் கவலையில்லை. பின்னல்தான் எர்த், உள்ளே இருப்பது சிக்னல். நான்கு வயர் வகையில் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சீமோர் டங்கனில் கறுப்பு சிக்னல், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்ற வேண்டும், பச்சையும் மேலுறையில்லாத வயரும் எர்த். டிமார்சியோவில் சிவப்பு சிக்னல், கறுப்பும் வெள்ளையும் சேர வேண்டும், பச்சையும் வெறும் வயரும் எர்த்.

பெயரில்லாத பிக்கப் என்றால் நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். எந்த இரண்டு வயருக்கு நடுவே 4 கிலோ ஓம் மாதிரி வருகிறதோ, அந்த இரண்டும் ஒரு காயில். இப்படி இரண்டு ஜோடி கிடைக்கும். அப்புறம் ஒரு ஜோடியில் மீட்டரை மாட்டி, அந்தக் காயிலின் மேல் ஸ்க்ரூ டிரைவரைப் படுக்க வைத்துச் சட்டென்று தூக்குங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். டிஜிட்டல் மீட்டரில் கண்ணுக்குத் தப்பிவிட்டால் பழைய முள் மீட்டரைத் தேடிப் பிடியுங்கள். முள் துள்ளுவது தெளிவாகத் தெரியும். இரண்டு காயிலிலும் தூக்கும்போது ஒரே பக்கம் போகும்படி மீட்டர் முனைகளை மாற்றி மாட்டிக்கொள்ளுங்கள். முதல் காயிலில் மீட்டரின் சிவப்பு முனை இருந்த வயர் சிக்னல். அதன் கறுப்பு முனை இருந்த வயரையும், இரண்டாவது காயிலின் சிவப்பு முனை இருந்த வயரையும் சேர்த்துவிடுங்கள். மிச்சமிருப்பது எர்த்.

கிட்டாரில் இரண்டு பிக்கப் என்றால் இரண்டையும் இதே போல் ஒப்பிடுங்கள். ஒன்று ஏறி, மற்றது இறங்கினால், இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது ஒலி மெலிந்து தகரம் போலக் கேட்கும். நான்கு வயர் வகையில் சிக்னலையும் எர்த்தையும் மாற்றிவிடலாம், ஆனால் வெறும் வயர் எர்த்திலேயே இருக்கட்டும். பின்னல் வயர் வகையில் மாற்றாதீர்கள். உலோக மூடியே சிக்னலாகிக் கைபட்டதும் இரையும்.

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. முதலை கிளிப்பால் பிக்கப்பைக் கிட்டார் கேபிளின் பிளக்கில் இணையுங்கள்: நுனியில் சிக்னல், தண்டில் எர்த். ஆம்ப்ளிஃபையரைக் குறைந்த சத்தத்தில் வைத்து, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் பிக்கப்பின் மேல் வரிசையாக உள்ள ஒவ்வொரு உலோகத் தலையையும் மெல்லத் தட்டுங்கள். இரண்டு வரிசையிலும் ‘டொக்’ ஒரே அளவில் கேட்க வேண்டும்.

ஈயம் வைக்கும் வேலை

முதல் வயரிங்குக்கு ஒரு பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன் போதும். ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் பாட் வேண்டும். ரேடியோ உதிரிபாகக் கடையில் கிடைக்கிறதே என்று நான் முதலில் 100 கிலோ ஓம் போட்டேன். வால்யூம் முழுதாக இருந்தும் ஒலியின் மினுமினுப்பு போய்விட்டது. கேட்டு வரவழைத்தாவது 500 போடுங்கள். டோனுக்கு 0.022 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். அதன் மேல் 223 என்று இருக்கும்.

மேசையை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். காற்று பட்டால் பாட்டின் முதுகு சூடாகவே ஆகாது. பழைய வயரின் நுனியை வெட்டிப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடும். பளிச்சென்ற செம்பு வரும்வரை ஒவ்வொரு சென்டிமீட்டராக வெட்டுங்கள். வராவிட்டால் வயரையே மாற்றுங்கள்.

பாட்டின் முதுகைப் பார்த்தபடி, மூன்று கால்களும் உங்கள் பக்கம் இருக்குமாறு வையுங்கள். வால்யூம், டோன் இரண்டிலும் வலது காலை வளைத்துப் பாட்டின் முதுகோடு ஈயம் வையுங்கள்; அது எர்த். முதுகை முன்பே உப்புத்தாளால் தேய்த்து ஃப்ளக்ஸ் தடவியிருக்க வேண்டும். பிக்கப்பின் சிக்னல் வால்யூமின் இடது காலுக்கு. வால்யூமின் நடுக்காலிலிருந்து ஒரு வயர் ஜாக்கின் நுனித் தகட்டுக்கு. பிளக்கின் நுனியைத் தொடுகிற நீளமான வளைந்த தகடு அது. வால்யூமின் இடது காலுக்கும் டோனின் நடுக்காலுக்கும் நடுவே கெப்பாசிட்டர். மிச்சமிருக்கும் எர்த் எல்லாம், அதாவது பிக்கப்பின் எர்த், ஜாக்கின் எர்த், டோனின் முதுகு, பிரிட்ஜிலிருந்து (கிட்டார் உடலில் கம்பிகள் உட்காரும் உலோகப் பாகம்) வரும் வயர், எல்லாமே வால்யூமின் முதுகில் வந்து சேரட்டும். பிரிட்ஜ் வயரை மறந்தால், கம்பியில் கை வைத்தாலும் இரைச்சல் அடங்காது.

ஆறிய ஈயம் வெள்ளி போல மின்ன வேண்டும். மங்கலாக, மணல் மணலாக இருந்தால் இன்னொரு தடவை சூடுபடுத்துங்கள்.

கிட்டாரை மூடுவதற்கு முன், கேபிளைச் சொருகி அதன் மறுமுனையில் மீட்டரை வையுங்கள். வால்யூம் முழுதாக இருக்கும்போது பிக்கப்பின் எண்ணுக்குச் சற்றுக் குறைவாக வரும், 8.3 பிக்கப் 8.2 மாதிரி காட்டும். வால்யூமை முழுதாகக் குறைத்தால் பூஜ்யம். இப்படி வந்தால் திருகுகளை மாட்டிவிடலாம்.

கடைசியாக உயரம். கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே தடித்த கம்பிப் பக்கம் சுமார் 2.5 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிப் பக்கம் 2 மில்லிமீட்டர் வைத்துத் தொடங்குங்கள். அப்புறம் காதால் கேட்டுக் கால் திருகு, அரைத் திருகு என்று ஏற்றி இறக்குங்கள். அந்த 8.3 ஹம்பக்கரை நான் பிரிட்ஜ் பக்கம் மாட்டியிருக்கிறேன், மெல்லிய கம்பிப் பக்கம் அரைத் திருகு இறக்கி. கேஸுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இரண்டு பொட்டலம் கிடக்கிறது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றுகிறேன்.