வாடைக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாத போட் எஞ்சின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடை ஓய்ந்து கடல் அடங்கும் மாசி, பங்குனியில் திருகோணமலைப் பக்கம் குச்சவெளியிலிருந்து மூதூர் வரை கரையோரம் எஞ்சின் கயிறு இழுக்கிற சத்தம்தான். மாதக்கணக்கில் சும்மா கிடந்த பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ரெண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிடும். பெரும்பாலும் அதில் பெரிய பழுது எதுவும் இராது. அவசரத்தில் நாம் செய்கிற வேலைகள்தான் அதை கராஜ் வரை கொண்டுபோகின்றன.

முதல் தவறு, ஒன்றையும் பார்க்காமல் கயிற்றை மாறி மாறி இழுப்பது. கியர் நியூட்ரலில் இருக்கிறதா, நிறுத்தும் சுவிச்சின் கிளிப் மாட்டியிருக்கிறதா, டாங்கி மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் பெற்றோல் குழாயில் உள்ள இறப்பர் பம்பை அது இறுகும்வரை அமுக்குங்கள். எவ்வளவு அமுக்கியும் இறுகவில்லையென்றால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பம்பின் வால்வு போய்விட்டது. கயிற்றையும் எடுத்த எடுப்பில் வெடுக்கென்று இழுக்கக்கூடாது. மெல்ல இழுத்து, உள்ளே பிடிப்பது கையில் தெரிந்த பிறகு வீச்சாக இழுக்க வேண்டும்.

அடுத்தது பழைய பெற்றோல். இன்றைய விலைக்கு அதை ஊற்றிவிட யாருக்கும் மனம் வராது, அது நியாயம்தான். ஆனால் கார்த்திகையில் டாங்கியில் விட்டது பங்குனியில் பெற்றோலாக இராது. நிறம் கறுத்து, வார்னிஷ் மணம் அடிக்கும். கொஞ்சத்தை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். அப்படியானால் டாங்கியை மட்டும் கழுவினால் போதாது, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரின் கிண்ணத்து அடித்திருகைத் திறந்து அதிலுள்ளதையும் வடிக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது எல்லோருக்கும் தெரியும். கரைக்கு வரும்போது திரும்பப் பெற்றோலுக்கு மாற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நிறுத்தும்போது காபரேட்டரில் மண்ணெண்ணெய் நின்றால், மறுநாள் விடிய குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறிய பிறகு மண்ணெண்ணெயும் மலிவான சாமான் இல்லை. அதை வைத்து வீணாக இழுத்துக்கொண்டிருப்பதில் என்ன லாபம்?

இனி ஸ்பார்க் பிளக். அதைக் கழற்றிப் பார்க்காமல் காபரேட்டரைப் பிரிப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. பிளக் நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது. ஸ்பார்க் இல்லை, அல்லது காற்றை அடைக்கும் சோக் அதிகமாகி எஞ்சின் பெற்றோலை அளவுக்கு மீறிக் குடித்துவிட்டது. நனைந்த பிளக்கைத் துடைத்து, சோக்கை மூடாமல் சில தரம் இழுத்துவிட்டு, திரும்பப் பூட்டிப் பாருங்கள். உலர்ந்து வந்தால் பெற்றோல் உள்ளே போகவில்லை. அப்போதுதான் காபரேட்டர் பக்கம் போக வேண்டும். ஸ்பார்க் பார்ப்பதற்கு பிளக்கின் உலோகப் பகுதி எஞ்சின் உடம்பில் நன்றாகத் தொட வேண்டும், பிளக் ஓட்டையிலிருந்து தள்ளியும் இருக்க வேண்டும். அந்த ஓட்டையால் பெற்றோல் ஆவி வெளியே வரும், பொறி பட்டால் முகம் கருகும். பிளக் மூடியைச் சும்மா தொங்கவிட்டு இழுத்தாலோ, போக இடமில்லாத மின்சாரம் ஸ்பார்க்கை உண்டாக்கும் கொய்லையும் சீடிஐ பெட்டியையும் எரித்துவிடலாம்.

ஸ்பார்க் வரவில்லையென்றதும் கொய்ல் வாங்க ஓடவேண்டாம். உப்புக்காற்றில் வயர் முனைகள் பச்சையாகப் பூத்துக் கிடக்கும். நிறுத்தும் சுவிச்சுக்குள் உப்பு இறங்கினாலும் ஸ்பார்க் நின்றுவிடும். அந்த சுவிச்சின் வயரை ஒருக்கா கழற்றி இழுத்துப் பாருங்கள்; ஸ்பார்க் வந்தால் குற்றம் சுவிச்சில்தான். சோதித்த பிறகு வயரைத் திரும்பப் பூட்டுங்கள், அது இல்லாமல் ஓடுகிற எஞ்சினை சுவிச்சால் நிறுத்த முடியாது.

காபரேட்டரைப் பிரிக்கத்தான் வேண்டுமென்றால், பெற்றோல் போகிற சிறு ஓட்டையுள்ள ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். ஓட்டை கொஞ்சம் பெருத்தாலும் எஞ்சின் சரியாக ஓடாது. கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பதும் வேண்டாம். டூ ஸ்ட்ரோக்குக்கு ஒயில் வருவதே பெற்றோலோடுதான். ஸ்பிரேயில் ஓடினால் பிஸ்டன் காய்ந்து உராயும். பாதுகாப்புக்கென்று ஒயிலை அள்ளி ஊற்றுவதும் பிளக்கைக் கரியாக்கும். 50:1 எஞ்சினுக்கு, அதாவது 50 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில் என்றால், ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர்தான் கணக்கு.

கடைசியாக, ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம் என்று தரையில் வைத்து ஓட்டாதீர்கள். தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் சுற்றினாலே எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீர் இழுக்கும் பம்புக்குள் இருக்கும் இறப்பர் விசிறி, அதாவது இம்பெல்லர், கருகிவிடும். பெரலில் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சின் கால் அதில் வடிவாக அமிழும்படி வைத்து ஓட்டுங்கள். பின்பக்கத்துச் சிறு துவாரத்தால் தண்ணீர் பீச்ச வேண்டும். பீச்சவில்லையென்றால் உடனே நிறுத்தி, துவாரத்தில் மண்ணோ உப்போ அடைத்திருக்கிறதா என்று மெல்லிய நைலோன் நூலை விட்டுப் பாருங்கள். அடைப்பு இல்லையென்றால் இம்பெல்லரை மாற்றிய பிறகுதான் மறுபடி ஓட்டலாம்.